ஒரிவேலா பெயரில் ஒரு பூச்சி

சத்தீப்போ ஊரில் எவாரிஸ்தோ ஒரிவேலாவின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கினவன் என்று எவனும் கிடையாது. பெற்ற தாய் வாங்கியிருந்தால் உண்டு. காலையில் ஆட்கள் வரிசையாக வருவார்கள். முந்தின இரவு பெட்ரோல் பங்க் விளக்கிலும் பாலத்து விளக்கிலும் மோதி விழுந்த அந்துப்பூச்சிகளை முக்கோணமாக மடித்த காகிதத்தில் வைத்து, பாதிரியாரிடம் பாவம் சொல்லப் போகிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். எவாரிஸ்தோ காகிதத்தைப் பிரிப்பார், ஒரு பார்வை பார்ப்பார். உருப்பெருக்கிக் கண்ணாடி மேசையிலேயே கிடக்கும், தொடமாட்டார். அது குருடனுக்கு என்பது அவர் கட்சி.

அவர் சொல்லும் தீர்ப்பு மூன்றே வகை. "ஜெர்மனிக்கு" என்றால் முதல்தரம், அங்கே பூச்சி சேகரிக்கிறவர்களுக்கு நல்ல விலைக்குப் போகும். "ஜப்பானுக்கு" என்றால் இரண்டாம் தரம். "சுவத்துக்கு" என்றால் குப்பை. சிறகு கிழிந்தது, செதில் உதிர்ந்தது, வௌவால் கடித்தது எல்லாம் சுவருக்குத்தான். மரச்சட்டக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய், லிமாவிலிருந்து வரும் சுற்றுலாக்காரர்கள் வீட்டுச் சுவரில் தொங்கும்.

"ஏண்டா ருஃபோ, இதை எங்க புடிச்ச? உன் லாரி டயருக்கு அடியிலயா?" என்பார்.

லாரி ஓட்டுகிற ருஃபோ இங்கா பத்து வருடமாக அவரிடம் பூச்சி கொண்டுவருகிறவன். ஊர் வழக்கப்படி அவர் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'தோன்' போடுவான். "நல்லாப் பாருங்க தோன் எவாரிஸ்தோ, நாலு கண்ணாடிதானே இது?"

"நாலு கண்ணாடின்னு உன் மாட்டுக்குக் கூடத் தெரியும். எந்த நாலு கண்ணாடின்னு சொல்லு பாக்கலாம்."

ருஃபோ முழிப்பான். அங்கேதான் விஷயம். கையகலம் இருக்கும் அந்தப் பழுப்புப் பூச்சிக்கு நாலு சிறகிலும் நாலு முக்கோண ஜன்னல். செதிலே இல்லாமல், பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். அந்தப் பக்கம் இதில் இரண்டு இனம். ஒன்றில் முன்சிறகு ஜன்னலின் நுனி வெள்ளைக் கோட்டைத் தாண்டி நீட்டும், பின்சிறகின் ஓரத்தில் வெறும் கறுப்பு நெளி. இன்னொன்றில் ஜன்னல் கோட்டைத் தொடாமல் நின்றுவிடும், பின்சிறகு ஓரத்தில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு. தாண்டினது, தாண்டாதது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இரண்டையும் ஒரே காகிதத்தில் மடித்துக்கொண்டு வருகிறவனை எவாரிஸ்தோ படியேற விடமாட்டார்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று காகிதத்தை அப்படியே பின்கட்டுக்குத் தள்ளுவார். "நெலிடா! சுவத்துக்கு!"

பின்கட்டில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் நெலிடா இருப்பாள். அவர் மனைவியின் தங்கை. புருஷன் வான்காயோ பக்கம் ஓடிப்போன பிறகு அக்கா வீட்டோடு வந்துவிட்டவள். சட்டத்துக்குப் போகும் பூச்சிகளை விரித்துக் காயவைப்பது அவள் வேலை. கிழிந்த சிறகைப் பிடுங்கிவிட்டு வேறொன்றின் நல்ல சிறகை எடுத்து, எலுமிச்சை முள்ளின் நுனியில் தச்சர் பசையைத் தொட்டு ஒட்டுவாள். எந்தச் சிறகு எதற்கு என்ற கணக்கெல்லாம் சுவருக்கு வேண்டாம். அளவு பொருந்தினால் போதும். அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார் எவாரிஸ்தோவே.

"அவளுக்கு முன்சிறகும் தெரியாது, பின்சிறகும் தெரியாது. ஒட்டத் தெரியும், அவ்வளவுதான்." இதை அவர் வந்தவர் போனவர் எல்லோரிடமும், அவள் காதில் விழும்படியே சொல்வார். நெலிடா பதில் சொல்வதில்லை. கையில் முள் இருக்கும்போது பேசினால் பசை வழிந்துவிடும்.

இத்தனை தலைக்கனம் பிடித்த மனிதருக்கு உள்ளே ஒரே ஒரு ஏக்கம் இருந்தது. அதை வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். ஒரு பூச்சிக்குத் தன் பெயர் வைக்கவேண்டும் என்பதுதான் அது. புத்தகத்தில் லத்தீனில் அச்சாகி, தான் செத்த பிறகும் நிற்கவேண்டும். யார் யாருக்கோ வைத்திருக்கிறார்கள். இந்தக் காட்டை வரைபடத்தில் மட்டும் பார்த்த ஜெர்மன்காரனுக்கு இருக்கிறது. லிமா அருங்காட்சியகத்து டாக்டர் உர்தேகா தன் மாமியார் பெயரில்கூட ஒன்று வைத்திருக்கிறார். அந்தப் பூச்சி நேரில் வந்திருந்தால் அந்தம்மாள் செருப்பால் அடித்திருப்பாள். முப்பது வருடம் ஒவ்வொரு சிறகாகப் பார்த்துப் பிரித்துக் கொடுத்த ஒரிவேலாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

ஜனவரி மழையில் ஒருநாள் தகரக் கூரை ஒழுகி நெலிடாவின் மேசைமேலேயே தாரையாகக் கொட்டியது. எவாரிஸ்தோ அவளையும் மழையையும் கூரை போட்டவனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே, அவள் விரித்து வைத்திருந்த பலகைகளில் கைக்குக் கிடைத்ததைத் தூக்கித் தன் அலமாரியில் செருகினார். மழை நின்றதும் மறந்துபோனார்.

மார்ச்சில் அலமாரியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பலகையில் ஒரு நாலு கண்ணாடி. முன்சிறகு ஜன்னல் கோட்டைத் தாண்டியிருந்தது. சரி. பின்சிறகின் ஓரத்தில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு. அது சரியில்லை. முன்னால் பார்த்தால் தாண்டினது, பின்னால் பார்த்தால் தாண்டாதது. அப்படியென்றால் இரண்டும் இல்லை. மூன்றாவது ஒன்று, உலகத்தில் யாரும் பார்க்காதது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பின்கட்டில் பத்தடி தூரத்தில் நெலிடா இருந்தாள். 'இந்தப் பலகை எது?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவளிடம் போய் யார் கேட்பது? அடுப்பைக் கேட்பதும் அவளைக் கேட்பதும் ஒன்று என்பதுதானே அவர் நினைப்பு. கேட்கவில்லை.

பலகையில் சீட்டு இல்லை. எங்கே, எப்போது, யார் பிடித்தது என்ற சீட்டு இல்லாத பூச்சிக்கு மதிப்பே இல்லை. சீட்டில் பொய் எழுதின இரண்டு பேரை எவாரிஸ்தோ ஊர் பார்க்க விரட்டியிருக்கிறார். இப்போது அலமாரியில் பக்கத்திலிருந்தவை எல்லாம் மலைமேல் கலபாசாவிலிருந்து வந்தவை என்பதால் இதுவும் அங்கிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினார்: கலபாசா, ஜனவரி, பிடித்தவர் எ. ஒரிவேலா. எழுத்து அழகாக இருந்தது.

ஜூனில் டாக்டர் உர்தேகா வந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் லிமாவிலிருந்தே கொண்டுவந்த தண்ணீர் பாட்டில். ஊர்க் காப்பியைத் தொடமாட்டார். பூச்சி பிடிக்கிறவர்களிடம் மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் பேசுவார். அவரைப் பற்றி எவாரிஸ்தோவின் அபிப்பிராயம், 'புத்தகத்தைத் தடவிப் பாக்காம பொண்டாட்டியைக்கூட அடையாளம் சொல்லமாட்டார்' என்பது. இரண்டு பேரும் பதினைந்து வருடமாக ஒருத்தரை ஒருத்தர் கேவலமாக நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பழகி வந்தார்கள்.

"என்ன ஒரிவேலா, குப்பை ஏதாவது சேந்திருக்கா?" என்றார் டாக்டர்.

எவாரிஸ்தோ பெட்டியைத் திறந்து நீட்டினார். டாக்டர் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். உருப்பெருக்கியை எடுத்தார். மேலிருந்து பார்த்தார், சாய்த்து வைத்துப் பார்த்தார். கடைசிவரை திருப்பி அடிப்பக்கம் மட்டும் பார்க்கவில்லை. ஊசி முறிந்துவிடுமோ என்ற பயம்.

"இது வேற" என்றார் மெதுவாக.

"உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா? எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை."

"ஒண்ணுதான் இருக்கா?"

"ஒண்ணு போதாதா? உங்க மாமியாருக்கும் ஒண்ணை வச்சுத்தானே எழுதுனீங்க."

டாக்டர் அதைக் காதில் வாங்காதவர் மாதிரி பெட்டியை மூடினார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. புதிதாக ஏதாவது எழுதி வெளியிட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. "உங்க பேரையே வச்சிடலாம்" என்றார், பிச்சை போடுகிற குரலில்.

எவாரிஸ்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியதை இந்த மனுஷனிடமா காட்டுவது?

அக்டோபரில் தபால் வந்தது. கட்டுரை அச்சுக்குப் போய்விட்டதாம், பூச்சியின் லத்தீன் பெயர் 'ஒரிவேலே'. கூடவே ஒரு பெரிய வண்ணப் புகைப்படம். வயிற்றைத் திறந்து பார்த்ததில் உள்ளே அசல் தாண்டினது மாதிரியே இருந்ததாகவும், இரண்டும் மிக நெருங்கிய உறவு என்பதற்கு இதுவே சான்று என்றும் டாக்டர் பெருமையாக எழுதியிருந்தார். எவாரிஸ்தோ படத்தை மேசைமேல் நிற்கவைத்துவிட்டு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மேசையைத் துடைக்க வந்த நெலிடா படத்தைக் கையில் எடுத்தாள்.

"கையை எடு. உனக்கு என்ன தெரியும் அதுல?"

"இது என்னுது அத்தான்."

"என்னது?"

"இது நான் ஒட்டுனது. ஜனவரியில காணாமப் போச்சே, அந்தப் பலகை. இடது பின்சிறகைப் பாருங்க, உள்ஓரத்துல ஒரு சின்ன வெட்டு. முன்சிறகுக்கு அடியில துருத்திக்கிட்டு நின்னுச்சு, நகவெட்டுக் கத்திரியால நறுக்குனேன். வௌவால் கடிச்ச தாண்டினது ஒண்ணு, அதுக்குத் தாண்டாததோட பின்சிறகு."

"தாண்டினது, தாண்டாததுன்னு உனக்குத் தெரியுமா?"

நெலிடா அவரைப் பார்த்தாள். "இருபது வருஷமா அதைத்தானே அத்தான் கையில வச்சிருக்கேன். நீங்க ஒரு பார்வை பாத்துட்டுத் தள்ளிடுவீங்க. நான் ஒவ்வொண்ணோடயும் ஒரு மணி நேரம் உக்காந்திருக்கேன்."

அவள் பின்கட்டுக்குப் போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்து திறந்தாள். அதற்குள் ஒரு தாண்டாதது. முன்சிறகு இரண்டும் முழுசாக இருந்தன. பின்சிறகு இரண்டும் இல்லை.

எவாரிஸ்தோ முப்பது வருடமாகத் தொடாத உருப்பெருக்கியை எடுத்தார். படத்தில் அந்த வெட்டு தெரிந்தது. நேராக, சுத்தமாக, கத்திரியால் நறுக்கினது மாதிரியே. பிறகு அது தெரியாமல் இருக்கவே முடியவில்லை. கண்ணை மூடினாலும் தெரிந்தது.

மறுநாள் டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிமா பஸ் ஏறினார். மலையைத் தாண்டிப் பதிமூன்று மணி நேரம். வழியெல்லாம் வாந்தி எடுக்கிற பிள்ளைகள். டாக்டர் தன் அறையில் அவரை நிற்கவைத்தே பேசினார்.

"டாக்டர், அது ஒட்டுனது."

"எது?"

"நம்ம பூச்சி. பின்சிறகு வேறதோட சிறகு. இந்தாங்க, அந்த வேறது." டின்னைத் திறந்து காட்டினார். "ஈர மணல் டப்பாவுல ஒரு ராத்திரி வச்சீங்கன்னா பசை இளகி, சிறகு தானா விழுந்துடும்."

டாக்டர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் எவாரிஸ்தோ பின்னால் எப்போதும் நம்பினார்.

"இது எலி கடிச்சது" என்றார் டாக்டர்.

"எலி ரெண்டு சிறகை அளவெடுத்தா கடிக்கும்?"

"யாரு சொன்னா ஒட்டுனதுன்னு?"

"என் மச்சினி. அவதான் ஒட்டுனவ."

"ஓ! சட்டம் ஒட்டுற பொம்பளை சொல்லி, நாப்பது வருஷம் படிச்ச நான் கேக்கணும்!" டாக்டர் சிரித்தார். "ஒரிவேலா, பூச்சி புடிக்கிறது உங்க வேலை. அது என்னன்னு சொல்றது என் வேலை. இந்த இனத்துக்கு ஆதாரமே இனிமே அந்த ஒரே ஒரு பூச்சிதான், அதை ஈர மணல்ல போடச் சொல்றீங்க. சீட்டு உங்க கையெழுத்துதானே? கலபாசான்னு நீங்கதானே எழுதுனீங்க? அது பொய்யா?"

பொய் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அடித்துச் சொல்லியிருக்கலாம், மேசையைத் தட்டியிருக்கலாம். மற்றவர்களிடம் எப்படித் தட்டுகிற கை அது! ஆனால் எவாரிஸ்தோ டின்னை மூடிக்கொண்டு, "சரி, சொல்லிட்டேன்" என்று முனகிவிட்டு வெளியே வந்தார். படியிறங்கும்போது மனசுக்குள் ஒரு நிம்மதி. சொல்லியும் ஆயிற்று, பெயரும் நின்றுவிட்டது. அந்த நிம்மதிக்காகத் தன்னையே காறித் துப்பவேண்டும் போலிருந்தது அவருக்கு. துப்பவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கட்டுரை அச்சான புத்தகம் வந்தது. ஊர் சும்மா விடுமா? நகராட்சித் தலைவர் மாலை போட்டார். குழி வெட்டி, சுட்ட கல்லுக்கு நடுவில் பன்றிக்கறியும் மரவள்ளியும் வேகவைத்தார்கள். பீர் பெட்டி பெட்டியாக இறங்கியது. இத்தனை வருடம் அவரிடம் வசை வாங்கினவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்து, "உங்க கண்ணு கண்ணுதான் தோன் எவாரிஸ்தோ" என்றார்கள். ஒவ்வொரு வாழ்த்தும் கன்னத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது. நெலிடா ஓரமாக உட்கார்ந்து கறியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அவள் இருக்கும் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பத்து நாள் கழித்து ஜெர்மனியிலிருந்து கடிதம். ஒரிவேலே ஒரு ஜோடி வேண்டும், என்ன விலை கேட்டாலும் சரி. விஷயம் தபால்காரன் வாய் வழியாக ஊருக்கெல்லாம் பரவியது.

அடுத்த நாள் காலை ருஃபோ வந்தான். அவன் பின்னால் பூச்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர். ருஃபோ தலையைக் குனிந்துகொண்டு வரவில்லை, நிமிர்ந்துகொண்டு வந்தான். கையில் காகித முக்கோணம் இல்லை. ஒரு மரச்சட்டப் பெட்டி இருந்தது. அதை மேசைமேல் டொக்கென்று வைத்தான்.

"பாருங்க தோன் எவாரிஸ்தோ. ஒரே பார்வை. உங்களுக்குக் கண்ணாடி வேண்டாமே."

பெட்டிக்குள் ஒரு நாலு கண்ணாடி. ஜன்னல் நுனி கோட்டைத் தாண்டியிருந்தது. பின்சிறகு ஓரத்தில் சிவப்புப் பொட்டு.

"எங்க கிடைச்சது?" என்றார் எவாரிஸ்தோ.

"பிளாசாவுல, சர்ச்சுக்கு எதிர்த்த கடையில! சுவத்துல தொங்கிட்டிருந்தது. இன்னும் ரெண்டு இருக்கு அங்க. எல்லாம் உங்க வீட்டுலருந்து போனதுதான், நீங்க 'சுவத்துக்கு'ன்னு சொன்னதுதான்." ருஃபோ கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "எத்தனை வருஷமா இப்படி வாரிவாரி சுவத்துக்கு அனுப்பியிருக்கீங்க? பேரு வச்ச பூச்சியே உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எத்தனைம்மா போயிருக்கும்?" ருஃபோ பின்கட்டைப் பார்த்துக் கேட்டான்.

"இருபது இருக்கும்" என்றாள் நெலிடா, முள்ளைக் கீழே வைக்காமல்.

எவாரிஸ்தோ அந்தப் பூச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நன்றாக மாட்டிக்கொண்டார் மனுஷன். இது அசல் என்றால், இருபது அசலைக் குப்பையில் தள்ளின குருடன். போலி என்றால், போலிக்குத் தன் பெயரையே கொடுத்த முட்டாள். எப்படிப் பார்த்தாலும் அந்தக் கண்ணுக்கு இன்றோடு சாவு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இது தன் வாயால் ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு கெட்டது. ஆனால் முப்பது வருடமாகச் சிறகைப் பார்த்து அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. வசை சொல்லியிருக்கிறார், பொய் சொன்னதில்லை. சீட்டில் மட்டும் ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையே தொண்டையில் முள்ளாக நின்றது.

பெட்டியைத் திறந்தார். ஊசியோடு பூச்சியை எடுத்துத் திருப்பி, அடிப்பக்கத்தை எல்லோருக்கும் காட்டினார். சிறகு முளைக்கிற இடத்தில் கடுகளவு மஞ்சள் பசை, கெட்டியாக இருந்தது.

"சுவத்துக்கு" என்றார். "ஒட்டுனது."

ருஃபோவின் முகம் சுருங்கியது. "அப்ப லிமாவுல இருக்கிறது?"

எவாரிஸ்தோ பூச்சியைப் பெட்டியில் திரும்ப வைத்தார்.

"அதுவும். அதுவும் சுவத்துக்குத்தான். முன்சிறகு ஒண்ணு, பின்சிறகு ஒண்ணு. ஒரிவேலேன்னு ஒரு பூச்சி உலகத்துல கிடையாது. கலபாசான்னு நான் எழுதுன சீட்டும் பொய். எல்லாம் இந்த வீட்டுல, அந்த மேசையில, நெலிடா ஒட்டுனது."

சொல்லிவிட்டார். முதுகு வேர்த்து சட்டை ஒட்டிக்கொண்டது. இனி ஊர் காறித் துப்பட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.

ஊர் துப்பவில்லை. ருஃபோ முதலில் அவரைப் பார்த்தான், பிறகு நெலிடாவைப் பார்த்தான். அவன் வாய் ஓரம் மெதுவாக மேலே ஏறியது.

"இந்தம்மாவா? டாக்டர் கண்ணையும் உங்க கண்ணையும் ஏமாத்துற மாதிரி இந்தம்மா ஒட்டுச்சா?"

"ஆமாண்டா."

"போங்க தோன் எவாரிஸ்தோ! அதுக்கு முன்சிறகும் தெரியாது, பின்சிறகும் தெரியாதுன்னு நீங்கதானே தினம் சொல்லுவீங்க." எல்லோரும் சிரித்தார்கள். "இதுல பசை இருக்கலாம், பிஞ்ச சிறகைத் திருப்பி ஒட்டியிருக்கும். அதுக்காகப் பூச்சியே இல்லைன்னு ஆயிடுமா? ஜெர்மனிக்காரன் கடுதாசி வந்ததும் இடத்தை மறைக்கிறீங்க. கலபாசா பொய்யாமில்ல! எங்களை அங்க போகவிடாம பண்ணத்தானே?"

"டேய், மடையா, நில்லுடா. டப்பாவுல ஈர மணல் போட்டுக் காட்டுறேன்..."

"எங்களுக்கும் கண்ணு இருக்கு" என்றான் ருஃபோ. பத்து வருடமாகச் சொல்லக் காத்திருந்த வார்த்தை. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் அவன் லாரியில் பதினைந்து பேர் ஏறிவிட்டார்கள். பூச்சி வந்து உட்கார வெள்ளைத் துணி, விளக்குக்கு ஜெனரேட்டர், காகிதக்கட்டு, ஒரு மூட்டை வாழைக்காய். கலபாசாவுக்கு. எவாரிஸ்தோ தெருவில் நின்று, இல்லாத பூச்சிக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். அவர்கள் கையசைத்துக்கொண்டே போனார்கள். லாரி மலைத் திருப்பத்தில் மறைகிறவரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தபோது நெலிடா ஒரு கிழிந்த தாண்டாததுக்குச் சிறகு தேடிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நான் சொன்னதை ஒருத்தன்கூட நம்பலை" என்றார் அவர்.

"நீங்க தினம் சொன்னதைத்தான் அத்தான் நம்பியிருக்காங்க" என்றாள் நெலிடா. பிறகு முள்ளைப் பசையில் தொட்டாள்.